சீட்டை இறக்காதே, கியரை இறக்கு

புதுக்கோட்டை
தை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. முட்டி வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, சைக்கிளை விற்றுவிடலாமா என்று நேற்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் அப்பா நடுவில் புகுந்து, "அவ்வளவு பணம் போட்டு வாங்குவானேன்" என்று ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விற்காதே.

தீபாவளிக்கு நீ அந்த சைக்கிளோடு வந்தபோதே ஒன்றைக் கவனித்தேன். சீட்டில் உட்கார்ந்தபடியே உன் இரண்டு காலும் தரையில் பதிந்தன. அப்போதே சொல்ல நினைத்தேன், பலகாரச் சட்டி அடுப்பில் இருந்தது. 1992-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நாங்கள் சைக்கிள் பழகியபோது எல்லாரும் செய்த முதல் காரியமும் இதுதான், சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியது. விழுந்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்ற தைரியம். அப்படி ஓட்டினால் மிதிக்கும்போதெல்லாம் முட்டி மடங்கியே இருக்கும், பாரம் முழுக்க முட்டிச் சிரட்டையில் இறங்கும். எங்களுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் சந்தைக்கும் வயலுக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான். நீ சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவள்.

இப்படிச் செய். சுவரில் ஒரு கையை ஊன்றி சீட்டில் ஏறி உட்கார். ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வை. இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது குதிகாலை வைக்க மாட்டாய், முன்பாதத்தை வைப்பாய். அப்போது முட்டி லேசாக மடங்கும், அவ்வளவு மடக்கம் போதும். ஒரேயடியாக ஏற்றாமல் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக ஏற்றிப் பார். முட்டிக்கு முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு. பின்னால் இழுத்துப் பிடித்தால் உயரம் அதிகம். சரியான இடம் கிடைத்ததும் சீட்டுக் குழாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு. சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒற்றைக் காலை ஊன்று. உட்கார்ந்துகொண்டே ஊன்றுவதற்கான சைக்கிள் இல்லை அது.

முட்டிக்கு இன்னொரு எதிரி உன் ரோஷம். உன்னோடு வருகிறவர்கள் பெரிய கியரில் போகிறார்களாம், நீயும் அதிலேயே அழுத்துகிறாயாம். எங்கள் சைக்கிளில் கியர் என்பதே கிடையாது, குடுமியான்மலை ரோட்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம், யாரும் செத்துப்போகவில்லை. உனக்கு இருபது கியர் இருக்கிறது, இறக்கு. வலது முட்டி 15 விநாடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிப் பார். இருபதுக்குப் பக்கத்தில் வந்தால் நிமிஷத்துக்கு 80, அது நல்ல ஓட்டம். பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் நீ சைக்கிள் ஓட்டவில்லை, செக்கு இழுக்கிறாய். முட்டுக்காடு பாலம் கண்ணில் பட்டதுமே கியரை இறக்கிவிடு. ஏற்றத்தில் முக்கிக்கொண்டே மாற்றினால் சங்கிலி கத்தும், சில சமயம் கழன்றுவிடும்.

கை மரப்பதற்கு நீ கையைக் கொடிக்கம்பம் மாதிரி விறைத்து வைப்பதுதான் காரணம். முழங்கையை லேசாக மடக்கு. ஹேண்டில்பாரில் பிரேக் பக்கம், மேல் கம்பி, கீழே வளைவு என்று பிடியை அடிக்கடி மாற்று. உடம்பை வயிறும் முதுகும் தாங்கட்டும், உள்ளங்கை தாங்கக்கூடாது. அப்புறம், பஞ்சு வைத்த அந்த அரைக்கால் சட்டைக்குள் ஜட்டி போடாதே. வெட்கப்பட ஒன்றுமில்லை, அது அப்படிப் போடுவதற்காகவே தைத்தது. உள்ளே இன்னொரு தையல் இருந்தால் 40 கிலோமீட்டரில் தொடை உரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் துவைத்துப் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருகிறேன். போகும்போது பறந்தேன், வரும்போது செத்தேன் என்றாய். இது தை மாதம் பாப்பா. வடகிழக்குக் காற்று இன்னும் ஓயவில்லை. திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறது, நீ அதை உன் காலின் பலம் என்று நினைத்துவிட்டாய். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். போய்வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர், காலையில் ஒரு காபியோடு கிளம்பியிருக்கிறாய். கண் இருட்டாமல் என்ன செய்யும்? கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடு. முக்கால் மணிக்கொரு தடவை கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ, பசி வரும் வரை காத்திராமல் வாயில் போடு. தண்ணீரும் அப்படித்தான், தாகம் எடுக்கும் முன்பே இரண்டு மடக்கு. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை. கடையில் விற்கும் பொடியெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி.

கூட்டமாகப் போகும்போது ஒன்றை மறக்காதே. உன் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக்கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் விழப்போவது நீதான், அவருக்குத் தெரியக்கூட செய்யாது. இதை நான் விழுந்து கற்றுக்கொண்டேன். 1992 மகளிர் தினத்தையொட்டி எங்கள் ஊரில் சைக்கிள் ஊர்வலம். 1,500-க்கும் மேல் பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி, எல்லாரும் மணியடிக்கிறோம். ஊரே வாசலில் நின்று பார்க்கிறது. பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆனால் பழகுகிறவள் என்று தெரிந்துவிடக்கூடாதே என்று முன்னால் போனவளை ஒட்டி ஒட்டிப் போனேன். அவள் ஒரு குழிக்காக விலகினாள், என் சக்கரம் உரசியது. அவள் போய்க்கொண்டே இருந்தாள், நான் புடவையும் சைக்கிள் செயினுமாக ரோட்டில் கிடந்தேன். எழுந்து மறுபடி ஏறினேன், அது வேறு கதை. உனக்குச் சொன்ன தப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வெட்கம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சீட்டைப் பற்றிக் கேட்க வெட்கம், கியரை இறக்க வெட்கம், கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்ல வெட்கம்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் அந்த க்ளிப் பெடலோடு சிக்னலில் சாய்ந்து விழுந்தாயே, அதுவும்தான். ஷூவை மாட்டினால் பழைய ஆள் மாதிரி தெரியும் என்று முதல் மாதமே வாங்கிவிட்டாய். கழற்றிவிட்டுச் சாதா பெடலைப் போட்டு ஓட்டு. பிறகு ஆசை இருந்தால் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை மாட்டிக் கழற்றிப் பழகு.

முன் பிரேக்கைத் தொடவே பயம் என்றாய். நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம், பிரேக் பிடித்ததும் உடம்பின் கனம் முன்னால் போய்விடும் அல்லவா? இரண்டையும் சேர்த்து, பிழிகிற மாதிரி மெல்ல அழுத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிடிக்காதே. ஈசிஆர் என்கிற அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மணல் கிடக்கும், அதன்மேல் முன் பிரேக் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

காற்று அடிப்பதிலும் ஒரு தப்பு செய்கிறாய். டயரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அதுவரை அடித்தால் எலும்புதான் ஆடும். உன் எடைக்கு அந்த 25 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ பக்கம் போதும். மெல்லிய டியூப் தானாகவே காற்றை விடும், ஓட்டும் நாளெல்லாம் பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு மறுநாள் குடுமியான்மலை ரோட்டில் பஞ்சராகி நின்றாயே, நினைவிருக்கிறதா? நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்தபோது பஞ்சர் கடை அண்ணன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா இது, வால்வு ஊசி மாதிரி இருக்கு, என் பம்பு இதுல நிக்கவே மாட்டேங்குது." டியூபை மாற்றிவிட்டேன் என்று நீ சொன்னாய், ஆனால் டயருக்குள் விரலை விட்டுத் தடவவில்லை. அவர் தடவினார். அரிசி நீளத்துக்கு ஒரு கருவேல முள், உள்பக்கம் மட்டும் முனை நீட்டிக்கொண்டிருந்தது. புது டியூபையும் அதுதான் குத்தியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டிலேயே டியூபைக் கழற்றி மாட்டிப் பழகு. ரோட்டோர வெயிலில் முதன்முதலாகச் செய்யக்கூடாது.

அந்த ஊசி வால்வுக்குப் பித்தளையில் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. முனையில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்திவிட்டு இதை மாட்டினால் மோட்டார் பைக்குக்குக் காற்றடிக்கும் கடைப் பம்பு பொருந்தும். டவுனில் மூன்று வாங்கினேன். இந்தக் கவரில் இரண்டு இருக்கிறது, ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வை. மூன்றாவதை அந்தப் பஞ்சர் கடை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு நூலில் கோத்து கம்ப்ரஸர் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.

அன்புடன்
அம்மா