மாட்யூலைக் குப்பையில் போடும் முன் வீட்டு மின்கம்பியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு ஆட்டோமேஷன் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிய கருவிகளைப் பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளை அனுப்பி விளக்கை எரியவைக்கும் பழைய எக்ஸ்-10 கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், மாட்யூல் (கட்டளையைக் கேட்டு விளக்கை எரியவைத்து அணைக்கும் சின்னப் பெட்டி) தகராறு செய்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் நான் பார்த்தவரை தகராறு செய்யும் மாட்யூல்களில் பெரும்பாலானவை பழுதே ஆகவில்லை, பழுது அவை மாட்டியிருக்கும் வீட்டு மின்கம்பியில் இருக்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்சியில். இங்கே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுகளை வாங்கிக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முன்பு இருந்தவர் மாடிப்படி விளக்குக்கும், தாழ்வார விளக்குக்கும், வாசல் விளக்குக்கும் எக்ஸ்-10 சுவிட்சும் மாட்யூலும் மாட்டிவைத்துவிட்டுப் போயிருப்பார். வந்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது, ரிமோட்டை அமுக்கினால் சில சமயம் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்குத்தான் இதில் உண்மையான கஷ்டம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து பட்டனை அமுக்குவார்கள், விளக்கு எரியாது, தாங்கள்தான் தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இருட்டிலேயே படியிறங்குவார்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, வயதானவர்களுக்கு ஒரு விழுதல் போதும்.

எக்ஸ்-10 என்பது 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை. 1978 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. தனியாக ஒயர் இழுக்க வேண்டாம், வை-ஃபை வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே கட்டளை போகும். மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பூஜ்யத்தைத் தாண்டும் அல்லவா, அந்தத் தருணத்தில் ஒரு மில்லி செகண்டு நேரத்துக்கு 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்ன சிக்னலை ஏற்றி அனுப்புவார்கள். சிக்னல் இருந்து அடுத்த பாதிச் சுற்றில் இல்லாவிட்டால் அது ஒன்று, மாறி வந்தால் அது பூஜ்யம். இப்படி ஒவ்வொரு பிட்டாகப் போய் ஒரு விளக்கை எரியவைக்க முக்கால் வினாடிக்குச் சற்று மேலேயே ஆகிவிடும். 120 வோல்ட் கம்பியில் இந்தச் சிக்னல் புறப்படும்போதே சில வோல்ட்தான், தூரத்து அறைக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். திருவிழா மைக் செட்டுக்கு நடுவே காதோடு பேசுகிற மாதிரி. அதோடு பழைய மாட்யூல்கள் பதில் சொல்லாது. கட்டளை கிடைத்ததா இல்லையா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும்.

சரி, இந்த முறை வந்த காலத்து வீட்டில் மஞ்சள் பல்பு, ஃபிரிட்ஜ், பெட்டி டிவி, அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சார்ஜர், எல்.இ.டி. பல்பு, கம்ப்யூட்டர், யு.பி.எஸ். மாட்யூல் மாறவில்லை, அதைச் சுற்றியிருக்கும் வீடு மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் மாட்யூல் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு எந்த மீட்டரும் தேவையில்லை. கன்ட்ரோலரையும் (கட்டளை அனுப்பும் கருவி) மாட்யூலையும் சுவரில் ஒரே பிளக் பாயிண்டில் மேலும் கீழுமாகச் செருகி ஒரு சாதாரண விளக்கை மாட்டிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எரிந்து அணைந்தால் மாட்யூல் நல்ல மாட்யூல், தூக்கிப் போடாதீர்கள். அங்கேயும் தடுமாறினால், பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, முகப்பில் இருக்கும் ஹவுஸ் கோடு (வீட்டுக்கான எழுத்து), யூனிட் கோடு (அந்த மாட்யூலுக்கான எண்) சக்கரங்களை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் பல தடவை சுற்றிவிட்டுப் பழைய எண்ணிலேயே நிறுத்துங்கள். வருஷக்கணக்கில் திருப்பாமல் கிடந்த சக்கரத்தின் உள் தொடர்பு கறுத்துப்போய் மாட்யூல் தன் எண்ணையே தவறாகப் படிக்கும். இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற விஷயம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் பலகையில், அதிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பகுதி) உள்ள பலகையில், கன்ட்ரோலரை மாட்டியிருந்தால் அதை உடனே சுவருக்கு மாற்றுங்கள். சிக்னல் அந்தப் பலகைக்குள்ளேயே செத்துவிடும்.

மாட்யூல் நல்லது, ஆனால் அதன் இடத்தில் வேலை செய்யவில்லை என்றால் இரண்டு விதமான குற்றவாளிகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஜனங்கள் வாரக்கணக்கில் அலைகிறார்கள். ஒன்று இரைச்சல் போடும் கருவி. மட்டமான எல்.இ.டி. பல்பு, சி.எஃப்.எல்., சில சார்ஜர்கள் 120 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் தாங்களே குப்பையைக் கம்பியில் கொட்டும், மாட்யூலுக்கு எது கட்டளை எது இரைச்சல் என்று தெரியாது. இது அந்தக் கருவி ஓடும்போது மட்டும்தான் நடக்கும், அணைத்தால் சரியாகிவிடும். இன்னொன்று சிக்னலை உறிஞ்சும் கருவி. டிவி, கம்ப்யூட்டர், யு.பி.எஸ். எல்லாவற்றிலும் மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலைத் தடுக்க ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஏறத்தாழ 26,500 ஓம், கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அதே கெபாசிட்டர் வெறும் 13 ஓம். பக்கத்தில் வரும் சிக்னலையெல்லாம் அது விழுங்கிவிடும். அந்தக் கெபாசிட்டர் பெரும்பாலும் பவர் பட்டனுக்கு முன்னாலேயே இருப்பதால் டிவியை அணைத்தாலும் உறிஞ்சுவது நிற்காது, பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும். நம் ஊரில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுவோம். அமெரிக்கச் சுவரில் அது கிடையாது, எல்லாம் எப்போதும் கம்பியோடு சேர்ந்தே இருக்கும், அதனால்தான் இங்கே இந்தத் தொல்லை இவ்வளவு அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாடிப்படி விளக்கு பகல் முழுக்கச் சொன்னபடி கேட்கும், சாயங்காலம் ஆனதும் கேட்காது. கூப்பிட்ட ஒரு நிறுவனத்துக்காரர் வந்து பார்த்து, எல்லா மாட்யூலையும் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும் என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சர்க்யூட்டையும் அணைக்கும் சுவிட்சுகள் (பிரேக்கர்கள்) இருக்கும் பிரேக்கர் பாக்ஸைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் காரணம், பையன் பள்ளியிலிருந்து வந்ததும் மாட்டும் ஒரு மலிவு லேப்டாப் சார்ஜர். அதற்கும் சுவருக்கும் நடுவில், அதன் தொல்லையைக் கம்பிக்கு வரவிடாமல் தடுக்கும் பிளக்-இன் ஃபில்டர் ஒன்று போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. இப்படி விசாரிக்காமலே மொத்தத்தையும் மாற்றச் சொல்வது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

கண்டுபிடிக்கும் வழி பொறுமை கேட்கும், ஆனால் கஷ்டமில்லை. கன்ட்ரோலர் இருக்கும் சர்க்யூட், தகராறு செய்யும் மாட்யூல் இருக்கும் சர்க்யூட், இந்த இரண்டு பிரேக்கரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். (வீட்டில் ஆக்சிஜன் கருவி போல மருத்துவத்துக்கு எதுவும் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இப்போது மாட்யூல் ஒழுங்காக வேலை செய்தால் பிரேக்கரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எதைப் போட்டதும் கெடுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் இருப்பவற்றின் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எல்லாவற்றையும் போட்டுவைத்து ஒன்று ஒன்றாக அணைத்துப் பார்ப்பது சரிவராது, ஏனென்றால் குற்றவாளிகள் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை எடுத்தாலும் இன்னொருவர் கெடுத்துக்கொண்டே இருப்பார், உங்களுக்கு இருவருமே நல்லவர்களாகத் தெரிவார்கள். ஆள் கிடைத்ததும் அந்தக் கருவிக்கும் சுவருக்கும் நடுவில் ஃபில்டர் போடுங்கள். ஃபில்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், கருவிக்குப் போதுமானதாகப் பார்த்து வாங்குங்கள். எல்.இ.டி. பல்பு என்றால் வேறு பிராண்டு பல்புக்கு மாற்றினாலே போதும்.

பிரேக்கர்களை அணைத்த பிறகும் வேலை செய்யாவிட்டால் அது பெரும்பாலும் ஃபேஸ் பிரச்சினையாக இருக்கும். அமெரிக்க வீட்டுக்குள் மின்சாரம் 120 வோல்ட்டாக இரண்டு கால்களில், அதாவது இரண்டு தனித்தனிக் கம்பிகளில், வருகிறது. கன்ட்ரோலர் ஒரு காலிலும் மாட்யூல் இன்னொரு காலிலும் இருந்தால், சிக்னல் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பி வர வேண்டும், வரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எலக்ட்ரிக் அடுப்பையோ துணி உலர்த்தும் டிரையரையோ, அதன் பிரேக்கரைத் திரும்பப் போட்டு, சூடாக ஓடவிட்டு அப்போது ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். அவை 240 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றின் சூடேற்றும் கம்பி இரண்டு கால்களுக்கும் பாலம் போட்டுவிடும். அடுப்பு எரியும்போது மட்டும் விளக்கு கேட்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சிக்னலை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக் கடத்தும் ஃபேஸ் கப்ளர் ஒன்று தேவை. சின்ன வீடு என்றால் சாதாரண கப்ளர் போதும், பெரிய வீடு என்றால் சிக்னலைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நல்லது. இதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பிரேக்கர் பாக்ஸில் மாட்ட வேண்டும். எவரோ சொன்னார் என்று வெறும் கெபாசிட்டரை ஃபியூஸ் இல்லாமல் இரண்டு கால்களுக்கு நடுவே கட்டிவைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம்.

அப்புறம், விளக்கு தானாக எரிகிறது என்ற புகார். பக்கத்து வீட்டிலும் எக்ஸ்-10 இருந்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அவர்கள் அமுக்குவது உங்கள் வீட்டில் கேட்கலாம். கடையிலிருந்து வரும்போது ஹவுஸ் கோடு ஏ-யில் இருக்கும், நிறையப் பேர் மாற்றுவதே இல்லை. மொத்தம் 16 கோடுகள் உண்டு, வேறொன்றுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொரு காரணம், பழைய மாட்யூல்களில் விளக்கின் சொந்த சுவிட்சைத் தட்டினாலும் எரியட்டும் என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். அதற்காக அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் விளக்கு வழியே ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் பல்பில் அது தெரியாது, எல்.இ.டி. போட்டால் மங்கலாக மினுக்கும், அல்லது மாட்யூல் ஏமாந்துபோய்த் தானே எரியவிடும். அந்த இடங்களில் மங்கச் செய்யும் லேம்ப் மாட்யூலை எடுத்துவிட்டு, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள, இந்த வசதி துண்டிக்கப்பட்ட அப்ளையன்ஸ் மாட்யூல் போடுவதுதான் சரி. லேம்ப் மாட்யூலில் ஃபேனையோ வேறு மோட்டாரையோ மாட்டவே கூடாது.

இவ்வளவும் சொன்னதால் எக்ஸ்-10-ஐ எல்லாவற்றுக்கும் நம்பலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொல்லாத மாட்யூலை நம்பிக் கதவுப் பூட்டையோ ரூம் ஹீட்டரையோ விடக்கூடாது. வயதானவர்கள் நடக்கும் படிக்கட்டில் ரிமோட்டோடு கைக்கு எட்டுகிற சாதாரண சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், என்னைக் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று, இது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு. இங்கே வீட்டை மாற்றும்போது கழற்றிய மாட்யூல்களைச் சிலர் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் எரிந்துபோகும், ஆபத்தும்கூட. ஐரோப்பாவில் விற்ற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாட்யூல்கள் தனியாக உண்டு. அவை கையில் இருந்தாலும், மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் மேலே சொன்ன ஃபேஸ் பிரச்சினை அப்படியே வரும். கரண்ட் போகும் நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது இவற்றை எதிர்பார்க்காதீர்கள், அந்த அலையில் பூஜ்யத்தைத் தாண்டும் தருணத்தை மாட்யூலால் சரியாகப் பிடிக்க முடியாது. உங்கள் அடுத்த கட்டுரையில் இந்த 120 வோல்ட் எச்சரிக்கையையாவது தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நியூஜெர்சி வாசகர் ஒருவர்