பழைய துப்பாக்கியை உருக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ராணுவ ரைஃபிள்களைத் தூரத்துக் குறி சுடும் ரைஃபிள்களாக வெளிநாடுகளில் மாற்றுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் இருபது வருடம் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சட்டத்தில் மாட்டி, மேலே ஒரு தொலைநோக்கியை வைத்தால் வேலை முடிந்தது என்பது போல அதில் இருந்தது. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

நான் சேர்ந்து சில வருடங்களில் ஒரு பயிற்சி முகாமில் எஸ்.எல்.ஆர். என்ற பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றின் மேல்மூடியில் தொலைநோக்கியைப் பொருத்திக் கொடுத்தார்கள். காலையில் 200 மீட்டரில் ஜீரோ செய்தோம், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி தொலைநோக்கியைத் திருத்தினோம். ஐந்து குண்டும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. மதியம் துப்பாக்கியைத் திறந்து துடைத்து, மறுபடி மாட்டிச் சுட்டால் குண்டுகள் சேர்ந்து விழும் இடம் ஒரு சாண் வலப்பக்கம் போய்விட்டது. சுட்டவன் எண்ணூர்ப் பையன். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினான். ராத்திரி சாப்பிடக்கூட வரவில்லை. அவன் மேல் தப்பே இல்லை. எஸ்.எல்.ஆரின் மேல்மூடி மெல்லிய தகடு, பின்னாலிருந்து தள்ளி மாட்டுவது. கழற்றி மாட்டும்போது மயிரிழை நகர்ந்தாலும் 200 மீட்டரில் அது ஒரு சாண் ஆகிவிடும். மறுநாள் அந்த மூடியை விரலால் அசைத்துக் காட்டிய பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. தொலைநோக்கி எவ்வளவு விலை என்பதைவிட அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மரக்கட்டை விஷயமும் அப்படித்தான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசல் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும், தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். துப்பாக்கிக் கட்டையும் மரம்தானே, ஈரத்தில் உப்பிப் பேரலை, அதாவது குழலை நெருக்கும், குறி மாறும். அமெரிக்கர்கள் 1957-இல் ஏற்ற எம்-14 ரைஃபிளை வியட்நாம் போர்க்காலத்தில் எம்-21 ஆக்கியபோது கட்டைக்குப் பிசின் ஏற்றினார்கள், உலோகம் உட்காரும் இடத்தில் பிசின் படுகை போட்டார்கள். 2000-க்குப் பிறகு அதே ரைஃபிளை அலுமினியச் சட்டத்தில் இறக்கியதும் இதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். நம் போலீஸ்காரர்கள் தோளில் நாம் பார்த்து வளர்ந்த .303 குடும்பத்து லீ-என்ஃபீல்டை எடுத்து, கனமான 7.62 மி.மீ. பேரல் போட்டு, முன்கட்டையை வெட்டிக் குறைத்து 1970-இல் எல்-42 என்று கொண்டுவந்தார்கள். 1982 ஃபாக்லாந்து போரிலும் அது இருந்தது. அதே குடும்பத்து ரைஃபிளை நம் இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் 7.62 குண்டுக்காக வலுவான எஃகில் 2ஏ, 2ஏ1 என்று செய்தது. கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த போல்ட் எத்தனை திடமானது என்று.

என் வேண்டுகோள் இதுதான். கோத்து எனப்படும் ஆயுத அறைகளில் கிடக்கும் எஸ்.எல்.ஆர்., 2ஏ1 ரைஃபிள்களைக் கழித்து உருக்குவதற்கு முன், ஆர்மரர்களை விட்டு ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தேய்ந்தது போகட்டும். உடல் நன்றாக இருப்பதைத் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடத்துக்கு அனுப்பிப் புது பேரலும் தொலைநோக்கி உட்கார அசையாத மவுண்ட்டும் போடலாம். 5.56 மி.மீ. குண்டு சுடும் இன்சாஸ் ரைஃபிள் 400 மீட்டரோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் 7.62 இன்னும் பேசும்.

அப்புறம், இது பட்டறை வேலை இல்லை. தண்டையார்பேட்டையில் லேத் வைத்திருக்கும் என் மச்சான் மகன், "பேரலை நானே கடைந்து தரட்டுமா மாமா?" என்று ஆர்வமாகக் கேட்டான். வேண்டாம்ப்பா என்றேன். உரிமம் இல்லாமல் தொட்டால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் குண்டு உட்காரும் இடத்துக்கும் உள்ள அளவு, கொஞ்சம் தப்பினாலும் சுடுகிறவன் முகம் போய்விடும்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பேரலை வெளிச்சத்தில் பிடித்து நல்லது கெட்டது சொல்வதைப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஆர்மரர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.