ஆளைப் பார்த்து வேலை கொடுங்கள் மேடம்

மாவட்டத் திட்ட அலுவலர் மேடம் அவர்களுக்கும், எங்கள் வட்டார அலுவலர் மேடம் அவர்களுக்கும் வணக்கம்.

நொய்யலுக்குத் தெற்கே ஒரு ஊரில் 17 வருஷமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பேர் போடவில்லை. போட்டால் மெமோ வரும். போடாவிட்டாலும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதுவும் தெரியும். மனு இரண்டு தடவை கொடுத்தாயிற்று. சுற்று வட்டார மையத்துக்காரர்கள் கூடும் செக்டார் மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்லியும் பார்த்தேன், "எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க, உட்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். அப்புறம்தான் இப்படி எழுதலாம் என்று தோன்றியது.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மையத்து உதவியாளரை 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மையத்துக்கு மாற்றி, அங்கே இருந்தவரை இங்கே அனுப்பினீர்கள். ஆர்டரில் "நிர்வாகக் காரணம்" என்று இருந்தது. ஊரில் எல்லாரும் அவரை ஆயா என்பார்கள், எனக்கு அவர் அக்கா. அந்த அக்காவைப் பற்றி ஒரு உண்மையை முதலில் ஒத்துக்கொள்கிறேன்: அவருக்குச் சமையல் வராது. ஒரு நாள் உப்பு தூக்கலாக இருக்கும், ஒரு நாள் போட்டாரா என்றே தெரியாது. ஆனால் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவர். பிசிறு வெட்டிக்கொண்டே பக்கத்து டேபிள் பீகார், ஒடிசாப் பெண்களிடம் இந்தி பேசக் கற்றுக்கொண்டார். இலக்கணமெல்லாம் கேட்காதீர்கள், வேலை நடக்கும்.

எங்கள் மையத்தில் 23 பிள்ளைகள். அதில் 8 பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள், வெளி மாநிலத்துக்காரர்கள். அம்மா அப்பா இருவரும் காலை எட்டரைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டால் பொழுதோடதான் திரும்புவார்கள். அதில் ஒரு பையன், மூன்று வயசு. வந்த புதிதில் யாரிடமும் வரமாட்டான், வாய் திறக்கமாட்டான், தட்டை வைத்தால் தள்ளிவிடுவான். அக்கா அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அவன் பாஷையில் பாதியும் நம் பாஷையில் பாதியுமாக ஏதோ கதை சொல்லி, சோற்றைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி அவன் உள்ளங்கையிலேயே வைப்பார். வாயில் வைக்கமாட்டார். அவனாக எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் கணக்கு. நாலு மாதம் ஆனது. 11.4 கிலோவுக்கு வந்து, எடை அட்டையில் சரியான எடை என்று காட்டும் பச்சைக் கோட்டைத் தொட்டான். மதியம் ஆனால் அக்கா வள்ளி கும்மி அடி போட்டு வட்டமாகச் சுற்ற வைப்பார், அவனும் ஒட்டுக்கா நின்று கை தட்டுவான், ஒன்று இரண்டு மூன்று எல்லாம் அந்த அடியிலேயே கற்றுக்கொண்டான்.

அக்கா போன மறுநாளிலிருந்து அவன் கதவு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறான். வாங்கி வைத்தால் அழுகிறான், கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறான். வாரத்துக்கு மூன்று முட்டை, அந்த மூன்றையும் உரித்துக் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இந்த மாதம் 10.9. மஞ்சளுக்கு இறங்கிவிட்டான். எடையைப் போனில் பதிவு ஏற்றிய அன்றைக்கே ஆபீஸிலிருந்து போன், "ஏன் குறைந்தது, காரணம் சொல்லுங்க" என்று. காரணம் 14 கிலோமீட்டர் தள்ளிச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது என்று வாய் வரை வந்தது. "காய்ச்சலுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

புதிதாக வந்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வைக்கிற சாம்பார் வாசத்துக்கு லைன் வீட்டு ஆட்களே எட்டிப் பார்க்கிறார்கள். ஸ்டாக் பதிவேட்டில் பருப்பு ஒரு பிடி பிசகாது. ஆனால் நாலு பிள்ளைகள் சேர்ந்து கத்தினால் அவருக்குத் தலை சுற்றும். "எனக்கு அடுப்படியே போதுங்க டீச்சர், இதுகளைக் கட்டி மேய்க்க எனக்கு ஆவாது" என்று அவரே சொல்கிறார். அவர் இருந்த மையத்தில் வெளியூர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அங்கே இப்போது எங்கள் அக்கா உப்பில்லாத சாதம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஆர்டரில் இரண்டு மையத்துக்கும் எப்படி நஷ்டம் செய்வது என்று யோசித்துச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாற்றல் போடுவதற்கு முன்னால் யாருக்கு என்ன வரும் என்று ஒரு தடவை கேளுங்கள். அவ்வளவுதான்.

1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரத்தில் ஆரம்பித்த திட்டம் இது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் மையம். பிள்ளையின் எடை, உயரம், தடுப்பூசி, முட்டை, சத்துமாவு எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் எந்த டீச்சருக்குப் பாட்டு வரும், எந்த ஆயாவுக்கு இந்தி வரும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? பயிற்சிக்குக் கூப்பிட்டால் மட்டும், ஆறு வயதுக்குள் 85 சதவீதம் மூளை வளர்ந்துவிடும், புதிய கல்விக் கொள்கையே சொல்கிறது என்று ஸ்லைடு போட்டுக் காட்டுகிறீர்கள். சரி, அந்த 85 சதவீதத்தை வளர்ப்பது யார்? ஆர்டரில் நம்பராக இருக்கிற நாங்கள்தானே?

பக்கத்து ஊர் மையத்தில் வயசான டீச்சரம்மா ஒருத்தர் இருக்கிறார், இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட். பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தே இந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிடுவார், இதுவரை தப்பினதில்லை. அவர் இன்றைக்கு என்ன செய்கிறார் தெரியுமா? போனைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடியில் டவர் தேடுகிறார். 2021-ல் மையத்துக் கணக்கையெல்லாம் போனில் ஏற்றுகிற போஷன் டிராக்கர் ஆப் வந்தது, இப்போது சத்துமாவு பாக்கெட் வாங்க வருகிற தாய்க்கு முகத்தைப் படம் பிடித்து ஒத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு முகம் கொஞ்சம் உப்பினால் அந்த ஆப்புக்கு அடையாளம் தெரியாது, எங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஊரில் பி.சி.ஏ. படித்த சின்னப் பெண் டீச்சராக இருக்கிறாள், அரை மணியில் எல்லா என்ட்ரியும் போட்டு முடிக்கிறாள், ஆனால் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வாரத்தில் ஒரு நாள் இந்த இருவரையும் ஒரே மையத்தில் உட்கார வைத்தால் போனை அவள் சொல்லிக்கொடுப்பாள், பிள்ளையை இவர் சொல்லிக்கொடுப்பார். அரசாங்கத்துக்கு பஸ் டிக்கெட் செலவுகூட இல்லை, மகளிருக்குத்தான் டவுன் பஸ் இலவசமாயிற்றே.

சம்பளத்தைப் பற்றியும் எழுதலாம். மத்திய அரசு தன் பங்குக்கு 2018-ல் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 என்று ஏற்றிவிட்டு... வேண்டாம், அது வேறு மடல். எழுத ஆரம்பித்தால் இதை மறந்துவிடுவேன்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்களுக்கும் மேலே ஆபீஸ் இருக்கிறது, அங்கேயிருந்தும் போன் வரும் என்று தெரியும். பணிந்து கேட்பது இதுதான்: அடுத்த செக்டார் மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, எனக்கு இது வரும், இது வராது என்று எழுதி வாங்குங்கள். வராது என்று எழுதினவருக்கு மெமோ கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் அதை வைத்துக்கொண்டு மாற்றல் பட்டியல் போடட்டும். ஆளைப் பார்த்து வேலை கொடுங்கள் மேடம்.

அந்தத் தாள் வரும்வரை அக்காவை மட்டும் திருப்பி அனுப்புங்கள். சமையலுக்கு வந்தவரும் தன் பழைய மையத்துக்கே போகத் தயாராக இருக்கிறார், கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை என்றால் நல்லது. அக்கா வருகிற டவுன் பஸ் எங்கள் ஊருக்கு 8.40-க்கு வரும், கதவு ஓரத்தில் உட்கார்ந்தால் ஸ்டாப்பிங் நேராகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து அங்கன்வாடிப் பணியாளர் ஒருத்தி