இரண்டு பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்த இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி உன் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏர்பிஎன்பி செயலி வழியாக நீ வாடகைக்கு விடும் வீட்டுக்கு, இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஆறு பேர் வந்தது, ஒரு மணி வரை பாட்டுச் சத்தம் கேட்டது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் வீட்டிலேயே நீ அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, விமர்சனத்தில் ஸ்டார் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாடகைக்கு வருகிறவர்களை விருந்தாளி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்தான் நம் வாயைக் கட்டிப்போடுகிறது. விருந்தாளியிடம் எப்படிக் குறை சொல்வது என்று தோன்றிவிடும். ஆனால் அவர்கள் உன் விதிகளுக்குச் சம்மதித்துத்தான் பதிவு செய்தார்கள். அதை ஞாபகப்படுத்துவது மரியாதைக்குறைவு இல்லை. நீ ஒன்பது மணிக்கே, நாலு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்ததைப் பார்த்ததுமே சொல்லியிருந்தால் அவர்களுக்கும் சங்கடம் குறைவு. ஒரு மணிக்குச் சொல்லப் போனால் உன் குரலில் கோபம்தான் வரும்.

நான் அப்படிக் கோபத்தோடு போய் நின்றிருக்கிறேன். மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த காலத்தில், நடுராத்திரி தலைக்கு மேலே தடதடவென்று நடக்கும் சத்தம். அரைமணி நேரம் பொறுத்துவிட்டு, போய்க் கதவைப் படபடவென்று தட்டினேன். திறந்த பெண்ணின் தோளில் ஒரு குழந்தை, அதன் நெற்றியில் ஈரத்துணி. காய்ச்சல். தூங்க வைக்கத்தான் அப்படி நடந்துகொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதிலிருந்து முதல் வார்த்தையை எப்போதும் கேள்வியாகத்தான் வைப்பேன்: "எல்லாம் சரியாக இருக்கிறதா? கீழே சத்தம் கேட்கிறது." பாதிப் பிரச்சினை அதிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் எழுத்தில் வை. அதுவும் அந்தச் செயலிக்குள்ளேயே, அவர்களோடு பேசும் பகுதியில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பின்னால் நிறுவனத்திடம் காட்டிப் புரியவைக்க நீதான் அலைய வேண்டும். இப்படி எழுது: "வணக்கம். பதிவில் இரண்டு பேர் என்று இருக்கிறது, வீட்டில் ஆறு பேர் இருப்பது தெரிகிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. மற்ற நாலு பேரும் பதினொரு மணிக்குள் கிளம்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்." திட்டு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நேரத்தை மட்டும் தெளிவாகச் சொல். கேட்காவிட்டால் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடு. பதிவை நீயே ரத்து செய்துவிடாதே, விதிமீறலைச் சொல்லி நிறுவனத்தையே ரத்து செய்யச் சொல்.

குடித்திருக்கிற கூட்டத்துக்கு நடுவே நீ தனியாகப் போகவே கூடாது. 2019 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரிண்டா என்ற ஊரில், இப்படி வாடகைக்கு எடுத்த வீட்டில் நடந்த பார்ட்டியில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் ஏர்பிஎன்பி கெடுபிடியை இறுக்கியது. 2020 ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பார்ட்டிக்குத் தடை போட்டு, 2022-ல் அதை நிரந்தரமாக்கியது. உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயமாக இருந்தால் போலீசைக் கூப்பிடு, அப்புறம் எனக்கு.

காலையில் ஜன்னலோரம் கப்பில் சிகரெட் துண்டுகள் கிடந்தன என்றாயே, கழுவுவதற்கு முன் படம் எடுத்தாயா? வாடையைப் படம் எடுக்க முடியாது. துண்டுகளையும் சாம்பலையும் மெத்தையில் பொசுங்கிய இடத்தையும்தான் எடுக்க முடியும். சுத்தம் செய்ய வருகிறவரிடம் ரசீது வாங்கிக்கொள். ஏர்பிஎன்பியில் அவர்கள் கிளம்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் நஷ்டத்தைக் கேட்டாக வேண்டும்.

விமர்சனத்துக்கும் அதே 14 நாள்தான். நீயும் அவர்களும் எழுதி முடித்த பிறகோ, கெடு முடிந்த பிறகோதான் அது வெளியே தெரியும். நீ எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் பழிவாங்க வழியில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி எழுது. "நல்லவர்கள்" என்று எழுதிவிட்டால், அடுத்து அவர்களுக்குக் கதவு திறக்கப் போகிற இன்னொரு பெண் அதை நம்புவாள்.

ஹாலில் கேமரா வைக்கப் போகிறேன் என்றாய். வேண்டாம் கண்ணு. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பியில் வீட்டுக்குள் கேமராவே கூடாது என்றாகிவிட்டது. அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. அதைவிட, அவர்களும் நிம்மதியாகத் தூங்க வந்தவர்கள்தானே. சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவி போதும். அது பேச்சைப் பதிவு செய்யாது. ஹாலில் வை, இருக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதிவிடு. படுக்கையறைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே.

உன் விதிப் பட்டியலையும் எடுத்துப் படித்தேன். இருபத்திரண்டு விதி! ஷாம்பூ மூடியை மூடிவைப்பது ஐந்தாவது, கூடுதல் ஆட்கள் கூடாது என்பது பதினெட்டாவது. பதினெட்டு வரைக்கும் யார் படிப்பார்கள்? ஆட்கள், சத்தம், புகை மூன்றையும் மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுது. "பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்று படித்தால் சொன்னபடி நடக்கிறவர்கள்தான் அதிகம். பதிவு உறுதியானதுமே அந்த மூன்றையும் தனியாக அனுப்பி, பதில் வாங்கிக்கொள்.

கதவுப் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை மாற்றினாயா? அந்த ஆறு பேருக்கும் அது தெரியும். இன்றைக்கே மாற்றிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. அதற்கப்புறம்தான் நான் படுப்பேன்.

அன்புடன்,
அம்மா