மரத்துண்டு அனுப்பும் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். பருவத்தின் பாதியைத் தாண்டிவிட்டோம். விளையாட்டு நாள் மழையில்லாமல் முடிந்தது, வாசிப்புப் போட்டியில் எல்லா வகுப்புகளும் கலந்துகொண்டன, நூலகத்துக்குப் புது அலமாரி வந்திருக்கிறது. உழைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். தேர்வு அட்டவணை தனியாக வரும்.

அப்புறம், இலையுதிர்கால அலங்கார வேலை. பள்ளி முகப்பில் வைப்பதற்காக, வீணாகும் மரத்தில் இலை, பூசணி, ஆந்தை, அணில் என்று பிள்ளைகள் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். உடைந்த மேசைக் காலைக் குறுக்கே அறுத்தால் பூசணிக்காய், மேலே ஒரு சுள்ளியைச் செருகினால் காம்பு. பட்டை உரியாத கட்டையை நெடுக்கே பிளந்தால் ஆந்தைக்கு இறக்கை தயார். பச்சையம் சிதைந்தபின் இலையில் தெரியும் மஞ்சள் ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான், சிவப்பு பெரும்பாலும் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது என்று அறிவியல் ஆசிரியர் சொன்னாராம். அதைக் கேட்ட ஒரு வகுப்பு, தங்கள் மர இலைகளுக்கு மஞ்சளை முதலில் பூசிவிட்டு அதன்மேல்தான் சிவப்பைப் பூசியது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த வேலைக்காக, “வீட்டில் கிடக்கும் மரத்துண்டு இருந்தால் கொடுத்தனுப்புங்கள்” என்று ஒரே வரியில் உங்களிடம் கேட்டிருந்தேன். அவ்வளவு சுருக்கமாகக் கேட்டது என் தவறு. எந்த மாதிரி மரம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் தாராள மனதோடு அனுப்பிவிட்டீர்கள். கீல் கழற்றாத பாதிக் கதவு, பழைய தொட்டில் ஒன்றின் பக்கச் சட்டம், சரக்கு ஏற்றும் பேலட் பலகைகள், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பச்சை நிறக் கம்பம் எல்லாம் இப்போது கைவினை அறையில் குவிந்திருக்கின்றன.

கடந்த வாரம் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உள்ளங்கையைக் கீறிவிட்டது. காயம் ஆழமில்லை, உடனே கழுவிக் கட்டுப் போட்டோம். ஆனால் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று அந்த வீட்டில் அன்று மாலை முழுவதும் சீட்டுகளைத் துழாவியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

ஆணியாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பெரிய கவலை, தெரியாத விஷயங்களைப் பற்றியது. பழைய கதவு, ஜன்னல்களில் அடித்த பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதைப் பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்த்தால் தூசி மூக்குக்கும் விரல் வழியாக வாய்க்கும் போகும். வெளியில் நட்டு வைக்கும் கம்பங்கள் பூச்சி அரிக்காமல் இருக்க, தாமிரம், குரோமியம், நஞ்சான ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றும் வழக்கம் உண்டு. மரத்தில் தெரியும் பச்சைச் சாயல் பெரும்பாலும் அந்தத் தாமிரத்தால் வருவது. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வெட்ட மெத்தென்று இருக்கும், ஆனால் மாவு மாதிரி நுண்தூசி கிளம்பும், அதில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசையும் இருக்கும். பேலட் என்றால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேற்றியது என்று பொருள். ‘எம்பி’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அது வேண்டவே வேண்டாம். ‘எச்டி’ இருந்தாலும் அதன்மேல் என்ன சிந்தியதோ யாருக்குத் தெரியும்? கறை படிந்ததை விட்டுவிடுங்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை முதல் பெயின்ட் அடித்தது, மருந்து ஏற்றியது, எம்டிஎஃப், ஆணியோ கீலோ எடுக்காதது எதையும் வாங்கிக்கொள்ள மாட்டோம். யார் கொண்டு வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். விடிவதற்கு முன் வந்து மரக்கட்டை மூட்டையை வாசற்கதவோரம் சாய்த்துவிட்டுப் போவதும் இனி வேண்டாம். முதலில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அதன்மேல்தான் ஏறி விளையாடுகிறார்கள். பள்ளி, வீட்டுப் பரணைக் காலி செய்யும் இடமல்ல. திருப்பிக் கொண்டுபோகும் மருந்தேறிய மரத்தை அடுப்பிலோ தோட்டத்திலோ எரித்துவிடாதீர்கள், ஆர்செனிக் சாம்பலிலும் தங்கும்.

சரி, எது வேண்டும்? பூச்சு எதுவும் இல்லாத, நன்றாகக் காய்ந்த பைன் மாதிரியான மென்மரம். உள்ளங்கை அளவு துண்டே போதும், நீளப் பலகையைவிட அது பிள்ளைகள் கைக்கு அடங்கும். முடிந்தால் 80-ஆம் எண் உப்புத்தாளால் மூலைகளை ஒருமுறை தேய்த்து அனுப்புங்கள். ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் கீறல் எடுப்பாகத் தெரியாது. 120, 220 எண் தாள்களால் மெருகேற்றுவதைப் பிள்ளைகள் இங்கே பார்த்துக்கொள்வார்கள். அது அவர்களுடைய வேலை, அதையும் வீட்டிலேயே முடித்துத் தந்துவிடாதீர்கள். மரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஒரு தாத்தா ஒவ்வொரு துண்டிலும் ஆணி பிடுங்கி, சிராய் போகத் தேய்த்து, அளவுவாரியாக நூலால் கட்டி, பேத்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். இப்போது முகப்பில் நிற்கும் அணில்கள் முழுக்க அவர் அனுப்பிய மரம்தான். அவருக்கும், நேரம் ஒதுக்கிக் கட்டை சுமந்து வந்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. தெரியாமல் அனுப்பியவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இந்த வேலை தொடங்கும்வரை நானே ‘எம்டிஎஃப்’பை மரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, வந்த குவியலைப் பிரித்து ஆணி பிடுங்கப் போகிறோம். குறடும் கையுறையும் உள்ளவர்கள் ஒரு மணி நேரம் வந்து உதவினால் நல்லது. அந்தப் பாதிக் கதவை அனுப்பியவரும் அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்