மிஷன் பயணத்துக்கு நாள் குறிக்கும் முன்: கொழும்புத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர்களுக்கும் குருவானவர்களுக்கும், மிஷன் குழுவினருக்கும், வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

நேபாளம், தமிழ்நாடு, கிழக்கு ஆபிரிக்கா என்று பத்துப் பன்னிரண்டு நாள் ஊழியப் பயணத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவதும், பிறகு அங்கிருந்து வரும் மனக்குறைகளைக் கேட்பதும் எங்கள் வேலை. போகவேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அங்கே போய்ப் பிழையாகிப்போகும் காரியங்களில் பெரும்பாலானவை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ செயற்குழு மேசையிலேயே பிழையாகிவிடுகின்றன. அதனால்தான் போகிறவர்களுக்கு அல்ல, அனுப்புகிற உங்களுக்கு எழுதுகிறோம்.

நாள் குறிப்பதிலிருந்தே தொடங்கலாம். பாடசாலை விடுமுறையையும் அலுவலக லீவையும் பார்த்து ஓகஸ்டில் நாள் குறித்து, டிக்கட் போட்டுவிட்டு, அதன் பிறகு அங்குள்ள போதகருக்கு “வருகிறோம்” என்று செய்தி அனுப்புவது நம் வழக்கமாகிவிட்டது. நேபாளத்தில் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை பருவமழை. மலைப்பாதையில் மண் சரிந்தால் வேன் நடுவழியில் ஒரு நாள் முழுக்க நிற்கும். மழை தொடங்கியதும் நாற்று நடுகை. ஊரே வயலில் இருக்கும். மழை விட்டதும் தசாய்ன் பண்டிகை வந்துவிடும். அலுவலகங்கள் பூட்டு, எல்லோரும் ஊருக்குப் போவதால் பஸ்ஸில் இடம் கிடைக்காது. பண்டிகைகள் முடிந்த பிறகு நவம்பர், அல்லது மார்ச், ஏப்ரல்தான் தோதான காலம். இன்னொன்று: நேபாளச் சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆராதனைக்குக் கூடும். ஞாயிறை நம்பித் திட்டம் போட்டு சனிக்கிழமை காலை விமானத்தில் இருந்தால், சபையைக் காணாமலே ஒரு வாரம் போய்விடும்.

ஆகவே முதலில் அங்கே கேளுங்கள். “வரலாமா?” என்று கேட்டால் “வாருங்கள்” என்றுதான் பதில் வரும், நம் வீட்டுக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாமும் அதைத்தானே சொல்வோம். “எந்த மாதம் வரக்கூடாது? எத்தனை பேருக்குப் படுக்க இடமும் மலசலகூடமும் இருக்கின்றன? நீங்களே செய்தால் நல்லது, நாங்கள் தொடாமல் விடவேண்டியது என்ன?” என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை டிக்கட் போடவேண்டாம்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஒரு வேன், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு வீட்டு அடுப்பு தாங்கக்கூடிய அளவு அது. பதினைந்து பேர் போனால் எல்லாம் இரண்டாகும். அந்தப் போதகரின் பத்து நாளும் சாரதியைத் தேடுவதிலும் அரிசி வாங்குவதிலும் கழியும். அங்குள்ள கிராம வீடுகளில் காலை பத்து மணியளவில் ஒரு தரம், இரவு ஒரு தரம் பருப்பும் சோறும். விருந்தாளிகள் எழுந்த பிறகே சமைத்த பெண்கள் சாப்பிடுவார்கள். இரண்டாம் தரம் கோழிக்கறிக்குத் தட்டை நீட்டுமுன் அடுக்களைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பாருங்கள், சட்டியில் என்ன மிச்சம் என்று. சாப்பாட்டுக் காசை கடைசி நாளில் காணிக்கை மாதிரிக் கொடுக்காமல் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அரிசிக் கடைக்காரர் கடைசி நாள்வரை பொறுத்திருக்க மாட்டார். மாட்டிறைச்சிப் பேச்சே வேண்டாம். நேபாளத்தில் பசு கொல்வது குற்றம்.

அடுத்தது விசா. இதில்தான் சபைகள் கண்ணை மூடிக்கொள்கின்றன. சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு நேபாளம் வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசாவை இலவசமாகவே தருகிறது. ஆனால் 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் கோவையின் 158ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதையும் அந்த நோக்கில் இன்னொருவரின் நம்பிக்கையைக் குலைப்பதையும் தடைசெய்கிறது. தண்டனை ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளில் நாடுகடத்தல். தெருவில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதற்கும், அழைத்த சபையின் ஆராதனையில் உட்காருவதற்கும் உள்ள தூரத்தை உங்கள் வாலிபர்களுக்கு இங்கேயே சொல்லிக்கொடுங்கள்.

தமிழ்நாடு விஷயத்தில் அலட்சியம் இன்னும் கூட. “நம் பாஷைதானே, நம் சனம்தானே” என்று சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிக்கிறார்கள். அங்கே 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இலேயே நீக்கப்பட்டது உண்மை. ஆனால் விசா என்பது மாநிலத்தின் காரியமல்ல, மத்திய அரசின் காரியம். இந்தியச் சுற்றுலா விசாவில் பிரசங்க ஊழியத்துக்கு இடமில்லை. மிஷனரி விசா என்று தனி வகையே உண்டு. பிடிபட்டால் நம் ஆட்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள், மறுபடி விசா கிடைப்பது கஷ்டம். அழைத்த ஊழியர் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடப்பார். அவருக்குக் கவரில் காசு கொடுப்பதும் அதே மாதிரித்தான். வெளிநாட்டவரிடமிருந்து, இந்திய ரூபாயிலேயே என்றாலும், நன்கொடை பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் போகவேண்டும். பதிவில்லாத போதகரின் கையில் நாம் திணிக்கும் கவர் அவருக்கு உதவி அல்ல, வழக்கு.

இந்தப் பாடம் நமக்குப் புதிதா? 2004இல் நம் பாராளுமன்றத்துக்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தது. அந்த வருடக் கடைசியில் சுனாமி. நிவாரணத்தோடு பிரசங்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் விமானம் ஏறிய பிறகு, சந்தேகம் முழுவதும் கிராமத்துச் சிறு சபைகளின் மேல்தான் விழுந்தது. அப்போது நாம் வாங்குகிற பக்கத்தில் இருந்தோம். ஆகவே அங்கிருந்து பேஸ்புக் நேரலை வேண்டாம். போதகரின் பெயர், ஊர்ப் பெயர், ஞானஸ்நானப் படம் எதுவும் வேண்டாம். கைத்தொலைபேசியில் படத்தோடு இடத்தைக் குறிக்கும் வசதியை கட்டுநாயக்காவிலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

மருத்துவ முகாமைப் பற்றி நீளமாகவே சொல்லவேண்டும். “ஒரே நாளில் முந்நூறு பேரைப் பார்த்தோம்” என்று அறிக்கையில் வாசிக்கும்போது கை தட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து ஒரு நோயாளியை ஒழுங்காகப் பார்க்கக் குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஒரு டொக்டர் முப்பத்தாறு பேரைப் பார்க்கலாம்; இரண்டு டொக்டர்கள் என்றால் எழுபதுக்கு மேல் டோக்கன் கொடுக்கக்கூடாது. அதற்கு மேல் பார்த்தால் ஆளுக்குப் பத்து பனடோலும் விற்றமின் குளிசையும்தான் கிடைக்கும். இங்குள்ள மருத்துவ சபைப் பதிவு அங்கே செல்லாது. நேபாள மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவை முன்கூட்டியே எடுக்கவேண்டும். அது இல்லாமல் ஊசி போட்டு ஒருவருக்கு ஒவ்வாமை வந்தால், பொலிஸ் தேடுவது முகாமுக்கு இடம் கொடுத்த சபையைத்தான்.

குளிசைகளில் அதிகம் பிழையாவது பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கொடுப்பவை. அம்லோடிபின் 5 மில்லிகிராமோ மெற்ஃபோமின் 500 மில்லிகிராமோ முப்பது கொடுத்துவிட்டு வருகிறோம். முப்பத்தோராம் நாள்? அங்குள்ள சுகாதார நிலையத்தில் அந்த மருந்து கிடைக்குமா, மாதாமாதம் யார் அளந்து பார்ப்பார் என்று விசாரிக்காமல் தொடங்கக்கூடாது. சபையாரிடம் சேர்த்த மிச்சக் குளிசைகளைப் பயணப்பொதியில் அள்ளிப் போடுவதும் வேண்டாம். வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சமிருக்கவேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தோ மாதிரி மருந்தோ ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டல். சுனாமி நேரத்தில் நமக்கு வந்த பெட்டிகளைத் தரம் பிரித்தவர்களிடம் கேட்டால், அந்த விதி ஏன் என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

கட்டாயம் ஏதாவது கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், நாற்பது வயது தாண்டியோருக்கு வாசிப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள்: +1.00 முதல் +3.00 வரை, நடு இலக்கங்கள் அதிகமாக. நேபாள வேதாகமத்தையே கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவருக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கொடுங்கள். கண்புரை தெரிந்தால் சொட்டு மருந்து கொடுத்து ஏமாற்றாதீர்கள். காத்மண்டுவில் தில்கங்கா கண் வைத்தியசாலை இருக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் வில்லையைக்கூட அங்கேயே உற்பத்தி செய்கிறார்கள். நோயாளிக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் பஸ் காசும் தங்கும் செலவும் கொடுத்தால், நம் முகாம் செய்யாத வேலையை அவர்கள் செய்வார்கள். நம் சொந்தச் சரித்திரமும் அதைத்தான் காட்டுகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்தார், மானிப்பாயில் நம் ஆட்களுக்கே மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பத்து நாளில் அது நடக்காது என்பது தெரியும். ஆனால் இரண்டு உள்ளூர்த் தாதியருக்கு ஒரு பயிற்சிக்கான செலவை ஏற்கப் பத்து நாள்கூடத் தேவையில்லை.

சுவருக்கு வர்ணம் பூசும் வேலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்து ஈரச் சுவரில் பூசியது சீக்கிரமே உரியும். காய்ந்த சுவர் என்றால் அதைப் பூச ஊரிலேயே கூலிக்கு ஆள் உண்டு.

பிள்ளைகள் இல்லங்களுக்குப் போய் விளையாடுவது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். பார்வையாளர் காசு வருவதால் ஏழைப் பெற்றோரிடம் “படிப்பிக்கிறோம்” என்று சொல்லிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்பிய இல்லங்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் புது அக்கா, புது அண்ணா வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை உங்கள் ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடமே கேளுங்கள். சபைப் பிள்ளைகளோடு வேலை இருந்தால், உள்ளூர் ஆசிரியர் முன்னால் நிற்க, நம் ஆட்கள் பின்னால் இருந்து உதவட்டும். ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியே இருக்கக்கூடாது.

பிரசங்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடத்துக்கே ஆயத்தம் செய்யுங்கள், மீதி மொழிபெயர்ப்பாளருக்கு. இரண்டு நாள் முன்பே வசனப் பட்டியலை அவரிடம் கொடுங்கள். பகிடிகளைக் கொழும்பிலேயே விட்டுவிடுங்கள்.

உடம்பு விஷயத்தில் மூன்று காரியம். கொழும்பு கடல் மட்டம். மலை ஏறும்போது வரும் உயர நோய் ஏறத்தாழ 2,500 மீற்றரில் தொடங்கும். பீதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். அதாவது அந்த நோய் தொடங்கும் இடத்தில் நம் நாடு முடிந்துவிடுகிறது. 3,000 மீற்றருக்கு மேல் ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தைக் கூட்டக்கூடாது. தலையிடியோடு வாந்தியும் வந்தால் ஜெபித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் எத்தனை மீற்றர் வரை என்ற வரியைத் தேடிப் பாருங்கள். நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே விசர்நாய்த் தடுப்பூசி தொடங்கவேண்டும். திரும்பி வந்து பார்க்கலாம் என்பது மரண விளையாட்டு.

ஆபிரிக்கா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. மலேரியாத் தடுப்புக் குளிசையை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது, நாரஹேன்பிட்டவில் அலுவலகம். அதில் பெரும்பாலான வகைகளைத் திரும்பி வந்தும் நான்கு வாரம் விழுங்கவேண்டும். அதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆகவே இங்கே காய்ச்சல் என்றதும் டொக்டர் டெங்குவைத்தான் நினைப்பார். ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதல் வாக்கியமே “ஆபிரிக்கா போய் வந்தேன்” என்று இருக்கட்டும். மலேரியா நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. ஒருவரின் இரத்தம் போதும், அது மறுபடி தொடங்க.

திரும்பி வந்த பிறகு, அங்கே சந்தித்தவர்களிடமிருந்து பாடசாலைக் கட்டணம், கைத்தொலைபேசி, கூரைத் தகடு என்று வாட்ஸ்அப்பில் வேண்டுகோள்கள் வரும். தனித்தனியே யாரும் காசு அனுப்பக்கூடாது. எல்லாம் அங்குள்ள சபையின் செயற்குழு வழியாக என்று போகுமுன்பே ஒப்பமிடச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குக் கூரை வந்து பக்கத்து வீட்டுக்கு வராவிட்டால், பிளவுபடுவது அவர்கள் சபை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் படக்காட்சிக்கு முன்னால், வரவேற்ற சபை எழுதிய அறிக்கையை வாசியுங்கள்: எத்தனை நாள் அவர்கள் தங்கள் வேலையை விட்டார்கள், எவ்வளவு செலவானது, எது உதவியது, எது தொந்தரவு. அதோடு அடுத்த வருடத்துக்கான ஒரு கேள்வியையும் அவர்களிடம் எழுத்தில் அனுப்புங்கள்: எட்டுப் பேர் வேண்டுமா, எட்டு டிக்கட்டின் காசு வேண்டுமா? காசு என்று பதில் வந்தால், அதே தொகையை அந்த வருடமே அவர்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வழியில் அனுப்பத் தீர்மானம் எடுங்கள்.

இப்படிக்கு,
ஊழியப் பயண அணிகளை ஆயத்தப்படுத்தும் பணியில் இருக்கும் சிலர்,
கொழும்பு