மாமாவின் முத்திரைக் கொப்பிகள்

முள்ளியவளை,
மாசி மாதம்.

அன்பின் குலம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆவணியில் கலியாணம் என்று எழுதியிருந்தாய், எங்கள் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். இங்கே காலபோக அறுவடை முடிந்தது. கடைசி நேர மழையால் நெல்லில் ஈரம். அதையே சாட்டாக வைத்து வியாபாரிகள் விலையை இறக்குகிறார்கள். இது வருசா வருசம் நான் பாடுகிற பாட்டு, உனக்குப் புதிதில்லை.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ஓம், மாமாவின் தபால் முத்திரைச் சேகரிப்பு என்னிடந்தான் வந்து சேர்ந்தது. மச்சாள் வவுனியா வீட்டை விற்கும்போது இரண்டு அல்பங்களும் ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கடித உறைகளும் தந்தா. மாமா தொண்ணூறுகளிலேயே அவவிடம் அனுப்பி வைத்தபடியால் அவை தப்பின. 2008 கடைசியில் யுத்தத்தால் இடம்பெயரும்போது எங்கள் சனம் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன பெட்டிகளில் நகை திரும்பி வந்தது, பித்தளைச் சாமான் வந்தது. காகிதம் எங்கே வந்தது?

“கோடீசுவரன் ஆகிவிட்டாயா” என்று கேட்டிருக்கிறாய். இல்லை, மச்சான். ஆனால் கதை நீ நினைக்கிற மாதிரியும் இல்லை.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது. ஆறு பென்ஸ், ஊதா கலந்த கபில நிறம், விக்டோரியா ராணியின் தலை, லண்டனில் பேர்க்கின்ஸ் பேக்கன் கம்பனி அச்சு. சேர்க்கிறவர்கள் கனவு காண்கிறது அதற்குப் பிறகு 1859இல் வந்த நாலு பென்ஸை, மங்கிய ரோசா நிறத்தில் ராணியின் தலை எண்கோணச் சட்டத்துக்குள் இருக்கும். அந்தக் காலத்து முத்திரைக்குப் பல் விளிம்பு கிடையாது, தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் தாராளமாக இருந்தால்தான் விலை. சட்டத்தின் வடிவத்துக்கே எட்டு மூலையாக வெட்டிய புண்ணியவான்களும் இருந்திருக்கிறார்கள், அப்படி வெட்டியதற்கு மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும்.

மாமாவின் அல்பத்தில் அந்த ரோசா இல்லை. முதல் பக்கத்தில் ஆறு பென்ஸ் ஒன்று பல்லில்லாமல் இருக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஓரம் படத்தின் கோட்டோடு ஒட்டி நிற்கிறது. 1861இல் இருந்து இதே படம் பல் விளிம்போடு வந்தது. பல்லைச் சீவிவிட்டு முதல் வெளியீடு என்று விற்பது மிகப் பழைய கள்ளம். தாளுக்குள்ளேயே பதிந்திருக்கிற அடையாளமான நீர்க்குறியைப் பார்த்தேன், நட்சத்திரம் தெரிகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பல் வைத்த முதல் அச்சுக்கும் அதே நட்சத்திரத் தாள்தான். அச்சு டி லா ரூ கம்பனிக்குப் போன பிறகு, 1863இல்தான் கிரீடமும் இரண்டு சீ எழுத்தும் கொண்ட நீர்க்குறி வந்தது. மாமாவும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துப் படங்கள். 1938இல் தொடங்கிய அந்த வரிசை உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் பால் எடுக்கிற ஆள், சிவனொளிபாத மலை, காட்டு யானைகள், திருகோணமலைத் துறைமுகம். 30 சதத்தில் பழைய குளம் ஒன்று. குளக்கட்டில் வளர்ந்த எங்களுக்கு யானையைவிட அந்தக் குளந்தான் பிடிக்கும், ஆனால் விலை பேசுகிறவனுக்குக் குளத்தில் அக்கறை இல்லை. அவன் 2 சதத்தையும் 50 சதத்தையும் எடுத்துப் பல்லை எண்ணுவான். அவற்றைப் பல துளை அளவுகளில் அடித்திருக்கிறார்கள். இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை பல் என்பதுதான் கணக்கு. படம், நிறம், விலை எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரு அளவு சல்லிக்காசுக்கும் இன்னொன்று நல்ல விலைக்கும் போகும். மாமாவிடம் இவை நிறைய இருக்கின்றன. அடிமட்டத்தால் அளந்து இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதற்கென்று உள்ள அளவுகோல் வேண்டும்.

பெரிய பெறுமதி முத்திரைகள் சிலவும் உண்டு. ஒன்றில் பேனையால் கீறிய கோட்டை மருந்து போட்டு அழித்து, மேலே தபால் கந்தோரின் வட்டச் சீல் குத்தியிருக்கிறது. காணி உறுதியிலோ பற்றுச்சீட்டிலோ வரிக்கு ஒட்டிய முத்திரையைத் தபாலில் போனதாகக் காட்டுகிற வித்தை. வெயிலில் சரித்துப் பிடித்தால் கீறல் தெரியும்.

இனி அந்த பிஸ்கற் ரின். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு அவசரம்.

மாமா தபால் அதிபராக இருந்த ஆள், சீலின் அருமை தெரிந்தவர். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எங்கள் சின்னத் தபால் கந்தோர்களின் சீல் விழுந்த உறைகளை முழுசாக வைத்திருக்கிறார். ஒட்டியிருக்கிற முத்திரை ஒவ்வொன்றும் கோடிக்கணக்கில் அச்சான சாதாரணச் சாமான், ஐந்து ரூபாய்கூடப் பெறாது. ஆனால் வன்னியில் இருந்து போன, வன்னிக்கு வந்த உறைகள் இன்றைக்கு எத்தனை வீட்டில் இருக்கின்றன? யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனவற்றில் பிள்ளைகள் முத்திரையை வெட்டி எடுத்துவிட்டு உறையைக் குப்பையில் போட்டார்கள். இங்கே இருந்தவை வீடுகளோடு போயின. கந்தோர்ப் பதிவுகளும் போயின.

ஒன்றைச் சொல்கிறேன். 1964 மார்கழிப் புயல் நினைவிருக்கிறதா? திருகோணமலைப் பக்கமாக ஏறி, வன்னியைக் குறுக்கறுத்து மன்னாருக்குப் போய், தனுஷ்கோடியையும் அழித்தது. அந்தக் கிழமை நெடுங்கேணியில் போட்ட உறை ஒன்று ரின்னுக்குள் இருக்கிறது. முன்பக்கத்தில் புறப்பட்ட திகதி, பின்பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் விழுந்த சீல், தைமாதத் திகதி. ஒரு நாள் ஓட்டத்துக்கு இத்தனை நாள். முன்னும் பின்னும் இரண்டு சீலும் சேர்ந்து நிற்பதால்தான் இது தெரிகிறது. முத்திரையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் மிஞ்சுவது கால்வாசிச் சீலும் ஒரு சதம் பெறாத படமும். இன்னொன்று 1972 யூன் மாதத்தது. மே 22இல் நாடு குடியரசாகி ஸ்ரீலங்கா என்று பெயர் மாறிய பிறகும், எங்கள் கந்தோரில் சிலோன் என்று எழுதிய பழைய முத்திரையையே விற்றிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் உறைகளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் என்வலப் ஏது? கணக்குக் கொப்பித் தாளை மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மேலே ஒழுங்காக முத்திரையும் குத்தின சீலும். செஞ்சிலுவைச் சங்கம் மூலம் வந்த, சேதி எழுதிய தாள் ஒன்றும் இருக்கிறது, முத்திரையே இல்லாதது. அல்பக்காரர் அதைத் தொடமாட்டார்கள். நான் அதை முதலாவதாக வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு வியாபாரி வந்தார். ராணியையும் ஜோர்ஜையும் புரட்டிப் பார்த்துவிட்டு, உறைகளில் இருக்கிற முத்திரைகளை நனைத்துக் கழற்றித் தந்தால் “கிலோக் கணக்கில்” எடுப்பாராம். தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிட்டேன்.

பாதுகாப்பது வேறு பாடு. மாரியில் வாடை அடித்தால் சுவரே வேர்க்கும், சோளகம் தொடங்கினால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரண்டாவது அல்பத்தில் புது முத்திரைகள் பசையோடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிய்க்கக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்து, அதற்கு மேலே வலைத்தட்டில் முத்திரையை வைத்து மூடிவிட்டால், பசை மெல்ல மெல்ல இளகும். அவசரப்பட்டால் பசையும் போகும், சாயமும் போகும். விக்டோரியா காலத்து ஊதா, பச்சை மைகள் தண்ணீர் பட்டால் ஓடவென்றே செய்தவை, அவற்றை நான் நனைப்பதே இல்லை.

மண்ணிறப் புள்ளி விழுந்த பக்கங்களைத் தனியாகப் பிரித்துவிட்டேன். அது பூஞ்சணம், பக்கத்துத் தாளுக்கும் பரவும். மாமா பாவித்த மெல்லிய பிளாஸ்ரிக் கவர்கள் பி.வி.சி. வகை, பிசுபிசுத்துப் போயிருக்கின்றன, எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். செலோரேப் ஒட்டிய இரண்டு உறைகளில் மஞ்சள் கறை ஊறிவிட்டது, அதை எடுக்கப் போனால் தாளும் வரும், அப்படியே விட்டிருக்கிறேன். இப்போதைக்கு அமிலமில்லாத தாளுக்கிடையில் வைத்து, அலுமாரியின் நடுத்தட்டில், சுவரில் முட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிமிர்த்தி வைத்திருக்கிறேன். கறையானுக்காக அலுமாரிக் கால்கள் எண்ணெய்ச் சிரட்டைக்குள் நிற்கின்றன. மனுசி பூச்சி உருண்டை போடச் சொல்லி நிற்கிறா. அது பிளாஸ்ரிக்கையும் கெடுக்கும் என்று சொன்னால் நம்புகிறா இல்லை.

உன்னால் அனுப்பக்கூடியவை: பல் அளக்கிற அளவுகோல் ஒன்று, மைலார் என்கிற தெளிந்த பிளாஸ்ரிக் உறைகள் கடித உறை அளவில் ஒரு கட்டு, கிப்பன்ஸ் கம்பனியின் முத்திரை விலைப்பட்டியலில் இலங்கைப் பகுதி. பழைய பதிப்புப் போதும், விலை எனக்குத் தேவையில்லை, அளவுகளும் நீர்க்குறி விபரமும்தான் வேண்டும். அந்த ஆறு பென்ஸை லண்டன் அரச முத்திரைச் சங்கத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் எடுக்கலாமா என்று முதலில் யோசித்தேன். கட்டணத்துக்குப் பெறாது, மாமாவின் கேள்விக்குறியோடேயே இருக்கட்டும்.

இன்னொரு விசயம். உன் அம்மா நீ கொழும்பில் படித்த காலத்தில் கிழமைக்கு ஒரு கடிதம் போடுவா. அந்த உறைகள் உன் தம்பியின் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒட்டுசுட்டான் சீல் என்னிடம் எழுபதுகளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற கடிதத்தை நான் வாசிக்க வேண்டியதில்லை. உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லு, ஒருவரும் கத்தரிக்கோலோடு கிட்டப் போகவேண்டாம் என்றும் சொல்லு.

அன்புடன்,
ராசன்